பனங்கிழங்கு நார் ஒரே இடுக்கில் மாட்டுகிறதா? ஃபிளாஸ் நூலால் பல் இடைவெளியையும் ஈறையும் கவனிக்க முழுமையான வழிகாட்டி

தை மாதம் பனங்கிழங்கு தின்று முடித்ததும் நாலைந்து இடுக்கில் நார் மாட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை. கிழங்கின் குணம் அது. ஆனால் மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்க, கீழ் இடப்பக்கக் கடவாயில் இரண்டு பல்லுக்கு நடுவில் மட்டும் ஒரு கற்றை நார் செருகி ஈறை அழுத்துகிறது, அடுத்த ஞாயிறு கறிக்குழம்பு சாப்பிடும்போதும் அதே இடத்தில் இறைச்சி நார் மாட்டுகிறது என்றால், அந்த இரண்டு பல்லும் முன்புபோல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது. கண்ணுக்குப் படாத அளவு விலகலே நாருக்குப் போதும்.

இந்த நேரத்தில் நம் ஊர் வீடுகளில் கை தேடுவது ஈர்க்குச்சியை, இல்லாவிட்டால் தாலிக்கொடியில் தொங்கும் ஊக்கை. இரண்டும் ஈறைக் குத்திக் கிழிக்கும். எந்தச் சேதியும் சொல்லாது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூல் சொல்லும். தினமும் நூல் விட்டுப் பழகிய விரலுக்கு, எந்த இடுக்கு இறுக்கம், எங்கே ரத்தம் வரும், எங்கே நூல் பிசிறும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். அதில் ஒன்று மாறினால் உடனே உறைக்கும். ஈறு நோய் வலியில்லாமல் வளர்வது. வலிக்கும்போது போனால் எலும்பு பாதி கரைந்திருக்கும் என்பதால்தான் இந்த விரல் பழக்கத்தை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

நல்ல நிலையில் எப்படி இருக்கும்

பக்கத்துப் பற்கள் முழுநீளத்துக்கும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. கடிக்கும் விளிம்பை ஒட்டிய ஒரு சின்ன இடத்தில் மட்டும் தொடும். அதற்குக் கீழே உள்ள முக்கோண இடத்தை ஈறு நிரப்பியிருக்கும். நூலை உள்ளே விடும்போது அந்தத் தொடுமிடத்தில் லேசாகத் தடுத்து, பிறகு 'டக்' என்று இறங்கும். இறங்கியதும் பல்லின் பக்கச் சுவரில் வழவழப்பாகச் சறுக்க வேண்டும். வெளியே வரும் நூலில் வெண்மையான படலம் இருக்கலாம், ரத்தம் இருக்கக் கூடாது.

ஈறின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரப் படங்களில் வருகிற ரோஜா நிற ஈறு நம்மில் பலருக்குக் கிடையாது. பழுப்பாகவோ கறுப்புத் திட்டுகளாகவோ இருப்பது தோலின் நிறம் போன்ற இயற்கையான நிறமி, நோயல்ல. கறுத்த ஈறில் சிவப்பு சட்டென்று தெரியாது என்பதுதான் சிக்கல். அதனால் நிறத்தை நம்பாமல் மேற்பரப்பைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு சாத்துக்குடித் தோல்போல நுண்ணிய புள்ளிக் குழிகளோடு மங்கலாக இருக்கும். வீங்கிய ஈறு அந்தக் குழிகள் மறைந்து மினுமினுக்கும். விளிம்பு கத்திமுனைபோல் படியாமல் உருண்டு தடித்து நிற்கும்.

என்னென்ன வேண்டும்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, தென்காசி போன்ற இடங்களில் பெரிய மருந்துக்கடைகளில் 'டென்டல் ஃபிளாஸ்' என்று கேட்டால் கிடைக்கும். சின்ன ஊர்க் கடைகளில் வரவழைத்துத் தரச் சொல்லலாம். மெழுகு பூசியதை வாங்குங்கள். பழகாத கைக்கு அதுதான் எளிது. 50 மீட்டர் சுருளில் தினமும் 45 செ.மீ. எடுத்தால் மூன்றரை மாதம் ஓடும்.

தையல் நூலை வைத்துச் சமாளிக்க வேண்டாம். முறுக்கிய நூல் ஈறை அறுக்கும், இடுக்கில் அறுந்து துணுக்கு உள்ளேயே தங்கும். அதைவிட முக்கியம், அந்த நூல் எந்தப் பல்லிலும் பிசிறும். பிசிறுவதை ஒரு தடயமாக எடுத்துக்கொள்ள முடியாமல் போய்விடும். கைப்பிடி வைத்த ஃபிளாஸ் பிக் அவசரத்துக்கு நல்லது. ஆனால் ஒரே துண்டு நூலை எல்லா இடுக்கிலும் விடுவதால் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது.

நூலைத் தவிர ஒரு கைக்கண்ணாடி, கைப்பேசியின் டார்ச், கன்னத்தை விலக்கிப் பிடிக்க இரண்டு எவர்சில்வர் ஸ்பூன், ஒரு நாற்பது பக்க நோட்டு. அவ்வளவுதான்.

நூல் விடும் முறை

இரவு சாப்பிட்ட பின், பல் துலக்குவதற்கு முன் விடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, 45 செ.மீ. நூலை, அதாவது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான நீளத்தை, எடுத்து இரு கை நடுவிரலிலும் சுற்றுங்கள். ஒரு விரலில் நிறையவும் மற்றதில் இரண்டு சுற்றும் இருக்கட்டும். நடுவே 3 செ.மீ. மட்டும் விட்டு, மேல் பல்லுக்குக் கட்டைவிரலாலும் கீழ்ப்பல்லுக்கு ஆள்காட்டி விரலாலும் வழிநடத்துங்கள்.

தொடுமிடத்தில் நூலை வைத்ததும் நேராக அழுத்தாதீர்கள். முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தபடி இறக்க வேண்டும். ஒரே அழுத்தாக அழுத்தினால் நூல் ஈறில் போய் வெட்டும். உள்ளே இறங்கியதும் ஒரு பல்லைச் சுற்றி ஆங்கில 'சி' எழுத்துபோல வளைத்து, ஈறின் விளிம்புக்குக் கீழே லேசான தடுப்பு உணரும் வரை, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு, நுழைத்து மேலும் கீழும் நாலைந்து முறை வழியுங்கள். பிறகு நூலை வெளியே எடுக்காமல் நடு ஈறைத் தாண்டித் தூக்கி, அடுத்த பல்லின் சுவரில் அதேபோல. பலர் ஒரு பக்கச் சுவரை மட்டும் வழித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு இடுக்குக்கும் இரண்டு சுவர் உண்டு.

ஒவ்வொரு இடுக்கு முடிந்ததும் ஒரு சுற்றை அவிழ்த்துப் புதுப்பகுதிக்கு வாருங்கள். அப்போதுதான் நூலில் தெரிவது எந்த இடுக்கின் சேதி என்று தெரியும். கடைசிக் கடவாய்ப் பல்லின் பின்சுவரையும் விடாதீர்கள். அங்கே பக்கத்துப் பல் இல்லாவிட்டாலும் அழுக்கு சேரும்.

நோட்டில் எழுதுவது

மருத்துவர்கள் வாயை நாலாகப் பிரிக்கிறார்கள். உங்கள் மேல் வலப்பக்கம் 1, மேல் இடப்பக்கம் 2, கீழ் இடப்பக்கம் 3, கீழ் வலப்பக்கம் 4. நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணினால் முன்பல் 1, கோரைப்பல் 3, முதல் பெரிய கடவாய்ப்பல் 6, ஞானப்பல் 8. ஆக, கீழ் இடப்பக்க முதல் கடவாய்ப்பல் 36. அதற்கும் அடுத்த பல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கு '36-37'. பிடுங்கிய பல்லின் எண்ணை அப்படியே காலியாக விட்டுவிடுங்கள். அடுத்த பல்லுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டாம். இந்த எண்ணைச் சொன்னால் எந்த ஊர் பல் டாக்டருக்கும் புரியும். 'இந்தப் பக்கம், பின்னாடி, கொஞ்சம் தள்ளி' என்று விரலை வைத்துக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு இடுக்குக்கும் நாலு விஷயம் எழுதுங்கள். இறுக்கத்துக்கு 0 முதல் 3: தொடுமிடமே இல்லை என்றால் 0, தடையில்லாமல் வழுக்கிப் போனால் 1, 'டக்' என்று இறங்கினால் 2, பாடுபட்டு இறக்க வேண்டியிருந்தால் 3. அதன் பக்கத்தில் ரத்தம், பிசிறு, வாடை ஆகியவற்றுக்கு இருக்கு அல்லது இல்லை. வாடை என்றால் நூலை மூக்கருகே பிடித்துப் பார்ப்பதுதான். கூச்சப்பட வேண்டியதில்லை, ஒரே இடுக்கில் மட்டும் அழுகிய வாடை வந்தால் அங்கே சொத்தையோ, ஈறு பல்லைவிட்டு விலகி உண்டான ஆழமான பையோ இருக்க வாய்ப்பு அதிகம்.

நூல் தினமும் விட வேண்டும், நோட்டு வாரம் ஒருமுறை போதும். ஒரே கிழமை, ஒரே நேரம். பல்லின் இறுக்கம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. படுத்து எழுந்தவுடன் ஒன்று, நாளெல்லாம் நடமாடிய பின் வேறொன்று. ஆகவே காலை எண்ணை இரவு எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் மூன்று வாரத்துக் குறிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நாலாம் வாரம் எழுதுவதுதான் உங்கள் அடிப்படைக் கணக்கு. இனி வருவதையெல்லாம் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்பற்களைப் படமெடுங்கள். பொங்கல், சித்திரை விசு, நெல்லையப்பர் ஆனித் தேர், ஐப்பசித் திருக்கல்யாணம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. காலை வெளிச்சத்தில் சன்னலுக்கு எதிரே நின்று, இரு ஸ்பூன்களால் கன்னத்தை விலக்கி, பற்களைக் கடித்துக்கொண்டு, வேறொருவரை உதட்டு மட்டத்தில் நேராக எடுக்கச் சொல்லுங்கள். கீழிருந்து எடுத்தால் ஒரு கணக்கு, மேலிருந்து எடுத்தால் இன்னொரு கணக்கு ஆகிவிடும்.

ரத்தம் வந்தால்

புதிதாக நூல் விடுகிறவர்களுக்கு முதல் வாரம் ரத்தம் வருவது சகஜம். நூல் ஈறைக் கெடுப்பதால் வருவதில்லை, ஏற்கெனவே வீங்கியிருக்கும் ஈறு தொட்டதும் கசிகிறது. ரத்தத்தைப் பார்த்து நிறுத்துவதுதான் நடக்கிற பெரிய தவறு. 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் குழுவினரும், நல்ல ஈறு உள்ளவர்களைப் பல் சுத்தம் செய்வதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீக்கம் வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல் ஆனதில் சரியாகிவிட்டது. ஆக, எலும்பைத் தொடாத ஈறு வீக்கம் முழுக்கத் திரும்பக்கூடியது.

ஒழுங்காக விட்டும் இரண்டு வாரம் தாண்டி ஒரே இடுக்கில் ரத்தம் வந்தால், அந்த இடத்தில் நூலுக்கு எட்டாத காரை படிந்திருக்கிறது என்று வையுங்கள். பல்லில் படியும் படலம் ஓரிரு நாளிலேயே உமிழ்நீரின் சுண்ணச்சத்தை வாங்கிக் கெட்டிப்படத் தொடங்கும். கெட்டிப்பட்ட காரையை எந்த நூலும் பெயர்க்காது. உப்பு, உமிக்கரி எதுவும் பெயர்க்காது. பல் டாக்டரின் கருவிதான் வேண்டும்.

நூல் வெட்டியதால் வரும் ரத்தத்தையும் பிரித்தறிய வேண்டும். வெட்டு என்றால் சுரீரென்று வலிக்கும். ஈறு விளிம்பில் மெல்லிய கோடு தெரியும். அந்த இடத்தை இரண்டு நாள் மென்மையாகக் கையாண்டால் ஆறிவிடும். வீக்கத்தால் வரும் ரத்தம் வலிக்காது, தினமும் வரும்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எச்சரிக்கை. நிகோடின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் ரத்தம் வராமல் போகலாம். 'எனக்குத்தான் ஒரு சொட்டு ரத்தமும் வரலையே' என்பது அவர்கள் விஷயத்தில் ஆறுதல் அல்ல. அவர்கள் இறுக்க எண்ணையும் படத்தையும் மட்டுமே நம்ப வேண்டும். புகைப்பதை விட்ட சில வாரங்களில் ரத்தம் கசிய ஆரம்பிப்பதும் உண்டு. அதைக் கண்டு மறுபடி பீடியை எடுக்க வேண்டாம். ஈறுக்கு ரத்த ஓட்டம் திரும்புகிறது.

இறுக்கம் குறைந்தால்

2 என்றிருந்த இடுக்கு 1 ஆகி, அடுத்தடுத்த வாரமும் அப்படியே நின்றால் காரணம் தேட வேண்டும். வழக்கமான காரணங்கள் நாலு.

பல்லின் பக்கச் சுவரில் சொத்தை விழுந்து உடைந்திருக்கலாம். அப்போது கூடவே நூல் பிசிறும். சொத்தைக்கு வைத்த பழைய அடைப்பு (ஃபில்லிங்) தேய்ந்தோ விளிம்பு உடைந்தோ போயிருக்கலாம். பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டிருக்கலாம். 36-ஐ எடுத்துவிட்டால் 37 முன்னோக்கிச் சாயும், மேலிருந்து 26 அந்தக் காலி இடத்தை நோக்கி இறங்கும், மாதங்கள் செல்லச் செல்ல அந்தப் பக்கத்து இடுக்குகள் ஒவ்வொன்றாகத் தளரும். நாலாவது, எலும்பு குறைந்து பல் நகர்வது. முதல் மூன்றும் பெரும்பாலும் ஒரே இடத்தில் நடக்கும். எலும்புக் குறைவு பல இடுக்குகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் தெரியும். ரத்தமும் வாடையும் சேர்ந்தே வரும்.

பாக்கு மெல்லும் பழக்கம் இருந்தால் இன்னொன்றும் சேர்கிறது. கொட்டைப்பாக்கை வருஷக்கணக்கில் கடித்து அரைக்கிற பற்களின் மேற்பரப்பு தேய்ந்து, தொடுமிடங்களும் தேய்ந்து, இடுக்குகள் அகலும். வெற்றிலைச் சுண்ணாம்போடு காரையும் கனமாகப் படியும். பல் தேய்வது இதில் சின்ன விஷயம்: புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியிருக்கிறது. நூல் விடும்போது வாய் முன்போலத் திறக்கவில்லை, கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்திருக்கிறது என்றால் ஈறை மறந்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

இறுக்கம் கூடினால்

கீழ் முன்பற்களில் வயது ஏற ஏற நெருக்கம் கூடுவது இயல்பு. புது கேப், புது அடைப்பு வைத்த பிறகு நூலே இறங்கவில்லை என்றால் வைத்தவரிடமே திரும்பிப் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். நூல் இறங்காத இடத்தில் சொத்தை வர வாய்ப்பு அதிகம். ஒரு பல் மட்டும் திடீரென உயர்ந்து, கடிக்கும்போது முதலில் அது இடித்து வலித்தால் வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கலாம்.

நூல் பிசிறினால்

ஒரே இடத்தில் மூன்று நாள் தொடர்ந்து பிசிறினால் அங்கே கூரான ஏதோ இருக்கிறது: சொத்தையின் விளிம்பு, பிதுங்கிய அடைப்பு, காரை, அல்லது பல் கீறல். வேறு வகை நூலால் ஒருமுறை சோதித்துவிட்டு, அதிலும் பிசிறினால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் தொடங்கும் சொத்தை வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது.

பயப்பட வேண்டாத இடைவெளியும் பயப்பட வேண்டிய இடைவெளியும்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

'கிளீன் பண்ணுன பெறவுதான் பல்லு ஆடிட்டு, சந்து விழுந்துட்டு' என்று நம் பக்கம் எல்லா ஊரிலும் ஒருவராவது சொல்வார். அதைக் கேட்டே பல பேர் பல் டாக்டர் வாசலை மிதிப்பதில்லை. உண்மையில் நடப்பது வேறு. வருஷக்கணக்கில் இடுக்கில் காரை அடைத்து நின்றது; அதைச் சுற்றி ஈறு வீங்கி முக்கோணத்தை நிரப்பியது. காரையை எடுத்து வீக்கம் வடிந்ததும், எலும்பு முன்பே குறைந்துபோனதால் உண்டான இடம் வெளியே தெரிகிறது. காரை பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்ததால் ஆட்டமும் மறைந்திருந்தது. கிளீனிங் அந்த இடைவெளியை உண்டாக்கவில்லை, இருந்ததைக் காட்டியது. ஸ்கேலிங் (கருவியால் காரையை எடுக்கும் இந்தக் கிளீனிங்) முடிந்த சில வாரங்களில் ஈறு இறுகி, லேசான ஆட்டம் பெரும்பாலும் குறையும்.

தினமும் நூல் விட ஆரம்பித்தவருக்கும் இதே அனுபவம் சின்ன அளவில் வரும். மூன்று நாலு வாரத்தில் ஈறின் முனைகள் சுருங்கி, பற்களுக்கு நடுவே கறுப்பாகச் சின்ன முக்கோணம் தெரியும். இதைப் பிரித்தறிய ஒரு சோதனை. நூலை விட்டுப் பாருங்கள். தொடுமிடத்தில் 'டக்' பழையபடி இருக்கிறது, ரத்தம் நின்றுவிட்டது, ஈறு மினுமினுப்புப் போய்க் கெட்டியாகிவிட்டது என்றால் பல் நகரவில்லை, வீக்கம்தான் வடிந்திருக்கிறது. நல்ல சேதி. மாறாக, 'டக்' மறைந்துவிட்டது, ரத்தமோ வாடையோ தொடர்கிறது என்றால் பல்லே நகர்கிறது.

முக்கோணம் ஏன் திரும்ப நிரம்புவதில்லை என்று கேட்பார்கள். 1992-ல் டென்னிஸ் டார்னோவும் உடன் ஆய்ந்தவர்களும் அளந்து பார்த்ததில், பற்கள் தொடும் இடத்திலிருந்து எலும்பின் முகடு வரை 5 மி.மீ. அல்லது அதற்குள் இருந்தால் ஏறக்குறைய எல்லா இடுக்கிலும் ஈறு நிரம்பியிருந்தது. 6 மி.மீ. என்றால் 56 சதவீத இடங்களில்தான். 7 மி.மீ. என்றால் 27 சதவீதம். அதாவது எலும்பு ஓரிரு மில்லிமீட்டர் இறங்கினாலே ஈறால் எட்ட முடியாது. எலும்பு தானாக வளராது. அதனால்தான் இறங்கும் முன்னே பிடிக்க வேண்டும்.

முக்கோணம் உருவான இடத்தில் நூல் மட்டும் போதாது. வேரின் பக்கத்தில் உள்ள குழிவான பரப்பை நூல் தாண்டிப் போய்விடும். பல் இடுக்கில் விடும் சின்ன பிரஷ்ஷான இன்டர்டென்டல் பிரஷ் வாங்குங்கள். கம்பி பல்லில் உரசாமல், முடிகள் மட்டும் இரு பக்கமும் உரசும்படி பொருந்த வேண்டும். அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் ஒரு அளவு சிறியதற்கு வாருங்கள். இந்த பிரஷ் ஒரு அளவுகோலும்கூட: 0.5 மி.மீ. கம்பி உள்ள பிரஷ் போன தை மாதம் இறுக்கமாகப் போய், இந்தத் தை மாதம் லொடலொடவென்று போனால் இடுக்கு அகன்றிருக்கிறது. அளவை நோட்டில் எழுதிவையுங்கள். நிறத்தை எழுதாதீர்கள்; நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

முன்பல் விரிந்தால்

நாற்பது வயதைத் தாண்டிய பின் மேல் முன்பற்களுக்கு நடுவில் புதிதாகச் சந்து விழுந்தால் அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடக் கூடாது. எலும்பு குறைந்த முன்பற்களை நாக்கும் கீழ்ப்பற்களும் வெளியே தள்ளும். பின்பற்களைப் பிடுங்கிவிட்டு முன்பற்களாலேயே கடித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

சோதனை எளிது. ஆள்காட்டி விரலின் நுனியை மேல் முன்பல்லின் வெளிப்புறத்தில், பாதி பல்லிலும் பாதி ஈறிலுமாக மென்மையாக வைத்து, மேல் கீழ்ப் பற்களை ஒன்றோடொன்று 'டக் டக்' என்று தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பல் விரலைத் தள்ளுவதாக உணர்ந்தால் அந்தப் பல்லுக்குச் சுமை அதிகம் அல்லது பிடிப்புக் குறைவு. ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்து எண்ணைக் குறியுங்கள். விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு எட்டு வயது முதல் பதினோரு வயது வரை மேல் முன்பற்களுக்கு நடுவில் சந்து தெரிவது வேறு கதை. கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் தானாக மூடும்.

உடம்பில் வேறு காரணம்

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்த பின் மூன்று நாலு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 0.4 சதவீதப் புள்ளி அளவில் இறங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கும்போதே பல் பிரிவுக்கும் ஒரு சீட்டு கேளுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிற சிலருக்கு ஈறு சதை வளர்ந்து பல்லின் மேல் ஏறும்; முன்பற்களுக்கு இடையில் முதலில் தெரியும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் காட்டினால் மாற்று மருந்து தருவார். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுபவர்களுக்கும் இதே விதிதான்: ரத்தம் கூடுதலாகக் கசியும், ஆனால் பல் வேலைக்காக நீங்களாக நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் ஸ்கேலிங்குக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்குவது ஹார்மோன் மாற்றத்தால். சில சமயம் இடுக்கில் சிவந்த சதைக் கட்டி ஒன்று முளைக்கும். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சுருங்கிவிடும். 'மாசமா இருக்கும்போது பல்லுல கை வைக்கக் கூடாது' என்பது தவறு. ஸ்கேலிங் செய்யலாம், நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம்.

காய்ச்சல் நேரத்தில் நூல் விடாமலேயே ஈறில் ரத்தம் கசிந்தால் அதைப் பல் பிரச்சினை என்று விட்டுவிடாதீர்கள். டெங்குவின் எச்சரிக்கை அறிகுறிகளில் அதுவும் ஒன்று. பல் டாக்டரைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

துலக்கும் பழக்கம்

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்ற சொல்லைக் குறை சொல்வதற்கில்லை. குச்சியை நன்றாக மென்று நாராக்கி மென்மையாகத் தேய்த்தால் வெளிப்பரப்பு சுத்தமாகும். ஆனால் இடுக்குக்குள் அது போகாது. உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல் ஆகியவை வேறு ரகம்: பல்லின் கழுத்தில் ஈறு இறங்கி ஆப்பு வடிவில் பள்ளம் விழும். கூச்சம் எடுக்கும். ஈறில் மூக்குப்பொடி வைக்கும் பழக்கம் வீட்டுப் பெரியவர்களிடம் இருந்தால், பொடி வைக்கிற இடத்தில் ஈறு இறங்கியிருக்கிறதா, சதை வெளுத்துத் தடித்திருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர்களே பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஈறு வீங்கியிருக்கும் நாட்களில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் டாக்டர் சொன்னால் மட்டும், அதுவும் இரண்டு வாரத்துக்கு. நீண்ட நாள் கொப்பளித்தால் பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும்.

எப்போது போவது, என்ன கேட்பது

ஈறில் சீழ், முகம் வீக்கம், திடீரென ஆடும் பல் என்றால் அன்றே போங்கள். இரண்டு வாரம் தாண்டிய ரத்தம், தொடர்ந்து மூன்று வாரம் குறைந்த இறுக்கம், மூன்று நாள் பிசிறிய நூல், புதிதாகத் தெரியும் முன்பல் சந்து ஆகியவற்றுக்கு அந்த மாதத்துக்குள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்தவர்களுக்குக் காவல்கிணறில் தனியார் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. ஈறு நோய்க்கென்றே படித்த நிபுணர் 'பெரியோடான்டிஸ்ட்'; அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். '36-37-ல் ஆனி மாதம் வரை 2 இருந்தது, இப்போது 1, ரத்தம் உண்டு' என்று சொன்னால் டாக்டர் நேரே அங்கே பார்ப்பார். மி.மீ. கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் ஈறின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 1 முதல் 3 வரை நல்லது. 4-ம் அதற்கு மேலும் ரத்தத்தோடு இருந்தால் சிகிச்சை வேண்டும். அந்த அளவுகளை உங்கள் நோட்டிலும் எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரேயின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து எலும்பு இறங்கியதா என்று ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

ஆழமான பைகளுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு வேர்ப்பரப்பு வரை சுத்தம் செய்வார்கள். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீருக்குச் சில வாரம் பல் கூசும். அந்தக் காலத்திலும் நூலையும் பிரஷையும் நிறுத்தக் கூடாது. ஆறிக்கொண்டிருக்கும் ஈறுக்கு அடியில் படலம் மறுபடி படிந்தால் செய்த வேலை வீண். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குப் பின் மறுபடி அளப்பார்கள். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வர வேண்டியிருக்கும். பழைய நோட்டை மூடிவிட்டு, அந்த மறு அளவு எடுத்த வாரத்திலிருந்து புதிதாக அடிப்படைக் கணக்கு எழுதுங்கள்.